பைப் ஆர்கனா, கால் ஆர்மோனியமா, டிஜிட்டலா: சின்ன சபைக்கு எது சரிப்படும்

மார்த்தாண்டத்துல இருந்து களியக்காவிளை வரைக்கும், அங்கால பாறசாலை நெய்யாற்றின்கரை வரைக்கும் கூட, நூறு வருஷத்த தாண்டுன சர்ச்சுக நிறைய இருக்கு, ஒவ்வொண்ணையும் புதுப்பிக்க கமிட்டி போடும்போது டைல்ஸ், மைக் செட், பெயிண்ட் எல்லாம் பேசி முடிச்சிட்டு கடைசில வாறது பாட்டுக்கு என்ன வாங்கங்கற கேள்வியாக்கும். எங்க சபையில இப்ப அதுதான் ஓடுது. நாலு யோசனை வந்திருக்கு. இங்கிலாந்துல நர்சா இருக்கற நம்ம சபை அக்கா ஒருத்தங்க, அவிய ஊர்ல ஒரு சாப்பல மூடப்போறாங்க, அதுல உள்ள சின்ன பைப் ஆர்கன எடுத்துட்டு போறவங்களுக்கு சும்மாவே குடுக்காங்கன்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. வெஸ்ட்ரியில, அதாவது சர்ச்சோட பக்க அறையில, தூசி பிடிச்சு கிடக்கற, காலால மிதிச்சு வாசிக்கற நம்ம பழைய கால் ஆர்மோனியத்த சரியாக்கலாம்னு பெரியவங்க சொல்றாங்க. செயலாளர் அண்ணாச்சி திருவனந்தபுரத்துல இருந்து டிஜிட்டல் ஆர்கனுக்கு கொட்டேஷன் வாங்கி வச்சிருக்காரு. கொயர் பையனுகளுக்கு லேப்டாப்பே போதும். நான் மரவேலை செய்யுற ஆளு, கூடவே ஆர்மோனியம் ரிப்பேரும் பாக்கேன், அதனால என் மனசு எந்தப் பக்கம் சாயும்னு இப்பவே தெரிஞ்சு வச்சுக்கிட்டு படிங்க.

லேப்டாப் வழிய முதல்லயே முடிச்சிருவோம். கிராண்ட்ஆர்க்னு ஒரு சாஃப்ட்வேர் காசில்லாமலே கிடைக்கும், ஹாப்ட்வெர்க்னு காசுக்கு ஒண்ணு இருக்கு, ஐரோப்பாவுல உள்ள நிஜ ஆர்கனுகள ஒவ்வொரு குழலா ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பாங்க, கம்ப்யூட்டர்ல மாட்டுற மிடி கீபோர்டும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தா போதும். வீட்டுல இருந்து படிக்க இதவிட நல்ல வழி கிடையாது, ஆர்கன் கத்துக்க ஆசைப்படுற பிள்ளைகளுக்கு நானே இதத்தான் சொல்லுவேன். ஆனா ஞாயிறு காலைல ஆராதனை நடுவுல லேப்டாப்பு அப்டேட் கேட்டு நிக்கும், அந்தப் பையன் கல்ஃபுக்கு போயிட்டா பாஸ்வேர்டும் கூடவே போயிரும். சபை சொத்தா வாங்கி வைக்கிற சாமான் இதில்ல.

பைப் ஆர்கன்னதும் நம்மாளுக்கு என்னமோ ராக்கெட்டு மாதிரி ஒரு பயம். உள்ள திறந்து பாத்தா மரம், தோல், கம்பி, ஈயமும் வெள்ளீயமும் கலந்த குழல், அவ்வளவுதான். கீயும் குழலும் வெறும் மரச்சட்டத்தாலயும் கம்பியாலயும் இணைஞ்சிருக்கறத ட்ராக்கர் ஆக்‌ஷன்னு சொல்லுவாங்க, மெக்கானிக்கல் ஆர்கன்னா இதுதான். நீங்க கீய அழுத்துனா பின்னால ஒரு ஒல்லிக்குச்சி இழுக்கும், அது காத்துப்பெட்டிக்குள்ள இருக்கற பேலட்டுங்கற மர மூடிய கீழ இழுத்து திறக்கும், குழலுக்கு காத்து போகும். பேலட்டுன்னா ஒரு ஸ்கேல் அளவு நீளத்துல மெல்லிசா ஒரு மரத்துண்டு, மேல் பக்கம் மெத்துன்னு ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கும், கீழ ஒரு ஸ்பிரிங் அத மேல தள்ளி மூடி வச்சிருக்கும். உள்ள காத்து அழுத்திக்கிட்டு இருக்கறதால திறக்கற அந்த ஒரு நொடி விரலுக்கு ஒரு 'டக்'னு ஒரு எதிர்ப்பு தெரியும், அப்புறம் கீ லேசாயிரும், அந்த டக்க வச்சுத்தான் வாசிக்கறவங்க தாளத்த பிடிக்கறது, மின்சாரத்துல ஓடுற ஆர்கன்ல அது வராது.

இதுல வாற பெரிய ரிப்பேருக்கு சைஃபர்னு பேரு, கைய எடுத்த பிறகும் ஒரு சத்தம் நிக்காம ஊதிக்கிட்டே இருக்கும். ஏன்னா பேலட்டுத் தோலுக்கும் அது மூடுற ஓட்டைக்கும் நடுவுல ஒரு மரத்தூளோ, செத்த ஈயோ, எதாவது மாட்டியிருக்கும், இல்லேன்னா மழைக்காலத்துல கீ ஊதி பக்கத்து கீயோட உரசிக்கிட்டு திரும்பி வராம நிக்கும். காத்துப்பெட்டி முன்பலகைய கழத்தி, அந்த பேலட்ட விரலால கீழ இழுத்து, பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிவிட்டு, தோல் தேஞ்சிருக்கான்னு பாத்துட்டு மூடினா முடிஞ்சுது. நம்ம ஊர்ல கட்டில் செய்யுற எந்த ஆசாரிக்கும் இது ரெண்டு தடவ காட்டிக் குடுத்தா வரும்.

அப்போ பைப் ஆர்கன்தான் சரின்னு சொல்ல வாறேனான்னு கேப்பீங்க, கொஞ்சம் பொறுங்க.

சும்மா கிடைக்குதுங்கறது உண்மைதான். பிரிட்டன்ல சபைகள் மூடிக்கிட்டே போறதால வேண்டாத ஆர்கனுகள் நிறைய, அங்க உள்ள ஆர்கன் கட்டுறவங்க சங்கமே அப்படிப்பட்டதுகளுக்கு லிஸ்ட் போட்டு வச்சிருக்கு. செலவு ஆர்கனுக்கு இல்ல, அத கழத்துறதுக்கும் ஏத்துறதுக்கும் இங்க திரும்ப நிறுத்துறதுக்கும்தான். ஸ்டாப்புன்னா ஒரே சாதி சத்தம் உள்ள ஒரு வரிசைக் குழல், நாலு ஸ்டாப் உள்ள சின்னதுலயே இருநூறு குழலுக்கு மேல வரும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் இருக்கும், கலந்துபோச்சுன்னா கண்ணீர்தான். ஈயக்கலவை குழல நகத்தாலயே கீறிரலாம், அவ்வளவு மெத்து, பேப்பர் சுத்தி பெட்டியில படுக்க வச்சு கொண்டுவரணும். மரப்பெட்டியில அனுப்பினா பேக்கிங் மரத்துக்கு பூச்சி இல்லாம பக்குவப்படுத்தினதுன்னு காட்டுற ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேணும், இல்லேன்னா தூத்துக்குடி துறைமுகத்துல நிறுத்தி வச்சிருவாங்க. அங்கத்த மரத்துல புழு இருக்கான்னும் பாக்கணும், நம்ம கூரையில கரையான் போதும், வெளிநாட்டுப் புழுவும் எதுக்கு.

அதவிடப் பெரிய விஷயம் சுருதி. இத கமிட்டியில யாரும் கேக்கல. குழலோட சுருதி காத்துல ஒலி போற வேகத்தப் பொறுத்தது, சூடு கூடினா ஒலிவேகம் கூடும், சுருதியும் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட். அரை ஸ்வரத்த நூறு பங்கா பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு சென்ட். அங்க 16 டிகிரியில 440 ஹெர்ட்ஸுக்கு, அதாவது கிட்டாரும் கீபோர்டும் நிக்கற பொதுச் சுருதிக்கு, டியூன் பண்ணின ஆர்கன நம்ம 30 டிகிரியில நிறுத்தினா அது 450 கிட்ட ஊதும், அரை ஸ்வரத்துல பாதிக்கு கொஞ்சம் குறைவா, கிட்டத்தட்ட 40 சென்ட் மேல நிக்கும். கிட்டாரோ கீபோர்டோ கூட சேந்தா காத பொத்திக்கிட்டு ஓடணும். இத கீழ இறக்கணும்னா குழல நீளமாக்கணும். குழல் தலையில தகடு வளையம் மாட்டியிருந்தா அத மேல தூக்கி சரி பண்ணலாம், டியூனிங் ஸ்லைடுன்னு பேரு. வளையமே இல்லாம குழல் வாய விரிச்சு சுருக்கி டியூன் பண்ற பழைய முறையா இருந்தா ஒவ்வொரு குழலுக்கும் வளையம் போடணும், அது தனி வேலை, தனிக் காசு. ஆகவே அந்த அக்காகிட்ட முதல்ல கேக்க வேண்டியது ஆர்கன் எத்தன வருஷம் பழசுங்கறது இல்ல, குழல் தலையில வளையம் இருக்கா இல்லியாங்கறதுதான்.

அடுத்தது, ட்ரம்பெட், ஓபோன்னு பேரு போட்ட ரீட் ஸ்டாப்பு இருக்கான்னு பாருங்க. இருந்தா எனக்கு வேண்டாம். மத்த குழல் எல்லாம் சூட்டுக்கு ஏத்தாப்புல ஒண்ணுபோல ஏறி இறங்கும், கூட்டத்தோட போறதால காதுக்கு தெரியாது, ஆனா ரீட் குழல்ல பித்தளை நாக்குதான் சுருதிய பிடிக்கறது, அது அவ்வளவா அசையாது, காலைல எட்டு மணிக்கு சேந்து நின்னது பதினோரு மணிக்கு பிரிஞ்சு நிக்கும். நம்ம கூரை ஓட்டுக்கு அடியில உள்ள சூட்டுல ஒவ்வொரு ஞாயிறும் டியூன் பண்ண ஆள் எங்க இருக்கு. டயபேசன், புளூட், பிரின்சிபல் மாதிரி நாலு ஸ்டாப்பு போதும், ஞானப்பாட்டுக்கு நூத்தம்பது பேர தூக்கி நிறுத்தும்.

ஈரத்தப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, இடவப்பாதி, அப்புறம் துலா மழைன்னு ரெண்டு மழை வாங்குற ஊர் இது, மரம் எல்லாம் ஊதிப்போகும்னு. பாதிதான் சரி. வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஈரம் இருந்தா மரம் அதுக்கு பழகிக்கிடும், மரத்த கொல்றது ஏத்தமும் இறக்கமும்தான். இங்கிலாந்துல எத்தனையோ ஆர்கன் பலகை வெடிச்சது ஹீட்டர் போட்டு சர்ச்ச காய வச்சதால. நம்ம ஊர்ல அதே வேலைய ஏசி செய்யும், ஞாயிறு மூணு மணி நேரம் ஏசி, மத்த ஆறு நாள் பூட்டி வச்ச புழுக்கம், இதுக்கு எந்த மரமும் தாங்காது. ஏசி வேணும்னு கமிட்டி முடிவு பண்ணிட்டா ஆர்கன் பேச்ச விட்டுருங்க, ரெண்டுல ஒண்ணுதான்.

சூட்டு நாட்டுல ஆர்கன் நிக்காதுன்னு சொல்றவங்களுக்கு பிலிப்பைன்ஸ்ல லாஸ் பின்யாஸ்ங்கற ஊர்ல உள்ள மூங்கில் ஆர்கன சொல்லலாம். தியேகோ செராங்கற பாதிரியார் 1816-ல தொடங்கி 1824-ல முடிச்சது, 1031 குழல்ல 902 மூங்கில், பூச்சி அரிக்காம இருக்க மூங்கில கடற்கரை மணல்ல புதைச்சு வச்சு எடுத்திருக்காரு. 1973-ல ஜெர்மனி பான்ல உள்ள கிளைஸ் பட்டறைக்கு கப்பல்ல கொண்டுபோயி, 1975-ல திருப்பிக் கொண்டுவந்தாங்க, இன்னிக்கும் ஊதுது. அவ்வளவு தூரம் எதுக்கு, நம்ம சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் சர்ச்சுல உள்ளது 1883-ல இங்கிலாந்து ஹடர்ஸ்ஃபீல்டு பீட்டர் கொனாக்கர் கம்பெனி செஞ்சது, மெட்ராஸ் வெக்கையவே பாத்த சாமான். (மைசூர் திப்புவோட மரப்புலிக்கு உள்ளயும் 18 கட்டை உள்ள ஒரு குட்டி ஆர்கன் இருக்கு, 1799-ல சண்டை முடிஞ்சதும் தூக்கிட்டுப் போனது, இப்ப லண்டன் வி அண்ட் ஏ மியூசியத்துல. அவிய நம்மகிட்ட இருந்து ஒண்ணு கொண்டுபோயிருக்காங்க, நாம ஒண்ணு கொண்டுவாறதுல தப்பில்ல.)

ஆனா ஒரு விஷயம் நிஜமாவே பயப்படணும். ஓக் மரத்துல இருந்து வினிகர் மாதிரி ஒரு ஆவி வரும், அடச்ச பெட்டிக்குள்ள ஈரமும் சேந்தா ஈயம் கூடுதலா உள்ள குழலோட அடிக்கால அது அரிச்சிரும், வெள்ளப் பொடி பூத்து கடைசில ஓட்ட விழும். ஜெர்மனி லூபெக் யாக்கோபி சர்ச்சுல உள்ள ஸ்டெல்வாகன் ஆர்கன்ல இதத்தான் கண்டுபிடிச்சாங்க. பைன் மரத்துல செஞ்ச காத்துப்பெட்டியா ஓக்கான்னு கேளுங்க, குழல் கால்ல வெள்ளப் பொடி இருக்கான்னு போட்டோ கேளுங்க. புதுசா இங்க எது செஞ்சாலும் தேக்கு, இல்லேன்னா நல்லா ஆறின அயனி, அதுல செய்யலாம்.

இனி டிஜிட்டலு. ரெண்டு கீபோர்டு, காலுக்கு 32 கட்டை பெடல், வாங்கின அன்னிக்கே முப்பது நாப்பது ஸ்டாப்பு, டியூனிங்கே வேண்டாம், எப்பவும் 440. மாடத்துல எடமும் கேக்காது. ஆராதனைக்கு நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா துலா மாச இடிய யோசிங்க. இந்த மலையடிவாரத்துல ஐப்பசியில சாயங்காலம் ஆனா இடி எறங்கும், ஃபிரிட்ஜும் டிவியும் மோடமும் போகாத வீடு எது. ஒரு போர்டு போச்சுன்னா அதுக்குள்ள எந்த ஆசாரியும் கை வைக்க முடியாது, கம்பெனி ஆளு கொச்சியிலயோ சென்னையிலயோ இருந்து வரணும், பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு அந்த மாடலுக்கு போர்டே இல்லம்பாங்க. பிறகு முழுசும் புதுசு. லட்சக்கணக்குல போட்டு வாங்கி பதினஞ்சு வருஷத்துல ஒண்ணுமில்லாம போறதையும் செலவுல சேத்துத்தான கணக்கு பாக்கணும்.

பழைய ட்ராக்கர் ஆர்கன்ல குச்சிய எடுத்துட்டு ஒவ்வொரு பேலட்டுக்கும் கீழ மேக்னெட் வச்சு கரண்ட்ல ஓட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க. பைப் ஆர்கனோட செலவும் டிஜிட்டலோட ரிப்பேரும் சேத்து வாங்கற வழி அது. உப்புக்காத்து வாற ஊர்ல அத்தன கான்டாக்ட்டும் பச்சை பிடிக்காம இருக்குமா. எனக்கு அதப் பத்தி பேச ஒண்ணுமில்ல.

கால் ஆர்மோனியத்துக்கு வாறேன். 1840-கள்ல பாரிஸ்ல அலெக்சாண்டர் தெபேன் பேட்டண்ட் எடுத்தது இது, 1875 வாக்குல கல்கத்தாவுல துவாரகாநாத் கோஷ் கைப்பெட்டியா மாத்தினாரு, நம்ம வீட்டுப் பெட்டி எல்லாம் அதோட பிள்ளைக. நம்ம சபையில கிடக்கறது அமெரிக்க மாதிரி, காத்த ஊதாம உறிஞ்சி இழுக்கற சாதி. ஐரோப்பா பெட்டி காத்த தள்ளும். இந்த வித்தியாசம் தெரியாம ஒரு ரிப்பேர்காரரு முன்ன ஒருநாள் வால்வுகள தலைகீழா வச்சு ஒட்டிட்டு போயிட்டாரு, மிதிச்சா மூச்சு முட்டுன மாதிரி ஒரு சத்தம், அன்னைக்கு வெஸ்ட்ரியில ஏத்தினதுதான் இன்னும் இறங்கல.

திறந்து பாத்தேன். பலகை வெடிக்கல. பெல்லோஸ், அதாவது காத்துத் துருத்தி, அதோட துணி மடிப்புல எல்லாம் பொரிஞ்சு போச்சு, ஒரு மூலையில எலி பிள்ள பெத்த எடம். ரீட்ஸ் மேல தூசியும் பச்சையும், பாதிக்கு மேல ஊதுது. ஒவ்வொரு ரீடும் பித்தளைச் சட்டத்துல ரிவெட் அடிச்ச ஒரு நாக்கு, கொக்கி விட்டு வெளிய இழுக்கலாம். விசிட்டிங் கார்டு ஒண்ண நாக்குக்கு அடியில விட்டு தாங்கிக்கிட்டு, சுருதி ஏத்தணும்னா நுனியில லேசா சுரண்டணும், எறக்கணும்னா அடியில, ரெண்டு மூணு சுரண்டல்தான், கை பதறினா நாக்கு போச்சு. நாக்கு ஒடிஞ்சா குஜராத் பாலிதானாவுல ரீட் செய்யுறவங்க இன்னும் இருக்காங்க, அளவு குடுத்து கேக்கலாம். பெல்லோஸ்க்கு மெல்லிசா மடங்குற தோலும் ரப்பர் பூசின துணியும், தோலுக்கு ஆம்பூர் ராணிப்பேட்டை பக்கம் பஞ்சமே இல்ல, செருப்புத் தோல் மட்டும் வாங்கிராதீங்க, அது மடங்காது.

ஒட்டறதுக்கு மாட்டுத்தோல்ல எடுக்கற பசையான வஜ்ஜிரம் காய்ச்சணும். ஃபெவிகால் ஈசிதான், ஆனா நாளைக்கு தோல மாத்தணும்னு வரும்போது ஃபெவிகால் மரத்தையும் சேத்து பிச்சுக்கிட்டு வரும், வஜ்ஜிரம் வெந்நித்துணி வச்சா நெகிழ்ந்து குடுக்கும். இப்ப நாம செய்யுற வேலைய அம்பது வருஷம் கழிச்சு ஒருத்தன் அவிழ்க்க முடியணும், ரிப்பேர்ல முக்கால்வாசி நியாயம் இதுலயே இருக்கு. பைப் ஆர்கனுக்கும் இதுதான் கணக்கு. ஒரு சர்ச்சுல பழைய ஆர்கனோட முன்குழலுக்கெல்லாம் தங்க எனாமல் அடிச்சு வச்சிருந்தாங்க, பாக்க ஜோரா இருந்துச்சு, குழல் வாயோட உதட்டுல பெயிண்ட் ஏறி ஒண்ணுகூட ஒழுங்கா பேசல.

கீர்த்தனையையும் மறந்துரக் கூடாது. வேதநாயக சாஸ்திரியார் காலத்துல இருந்து பாடுற கீர்த்தனைகளுக்கு பைப் ஆர்கன் அவ்வளவா ஒட்டாது, நிறுத்தி நிறுத்தி போற ஞானப்பாட்டுக்குத்தான் அதோட பலம். கால் ஆர்மோனியம் ரெண்டுக்கும் சமாளிச்சுப் போகும். கமகம் வராதுன்னு ஆர்மோனியத்த 1940-ல இருந்து 1971 வரைக்கும் ஆல் இண்டியா ரேடியோவே ஒதுக்கி வச்சிருந்தது, ஆனா சபையில நூறு பேரு சேந்து பாடும்போது கமகத்த யாரு எண்ணப்போறா. உங்க சபை பாதிக்கு மேல கீர்த்தனை பாடுற சபைன்னா இங்கயே கேள்வி முடிஞ்சுது.

ஆக நான் சொல்றது இப்படி. கால் ஆர்மோனியத்த இந்த மழைக்கு முன்னால சரியாக்கணும், அதுல கேள்வியே இல்ல, செலவும் கூலியும் தோலும் ரீடும்தான், ஊர் ஆளே செய்யலாம். டிஜிட்டல், பெரிய சபைக்கு, சம்பளத்துக்கு ஆர்கனிஸ்ட் வச்சிருக்கற, இடிதாங்கியும் நல்ல எர்த்தும் போட்ட டவுன் சபைக்கு சரி, நமக்கு இல்ல. பைப் ஆர்கன் வரட்டும், ஆனா ஒத்த கீபோர்டு, ட்ராக்கர், நாலு அஞ்சு ஸ்டாப்பு, ரீட் ஸ்டாப்பு இல்ல, இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம். அங்க உள்ள புளோயர் மோட்டார் 50 ஹெர்ட்ஸ், நம்ம கரண்டுக்கு அப்படியே ஓடும், கரண்ட் போனா கையால அடிக்கற பம்ப் பிடி இருந்தா அதையும் கழத்தாம கொண்டுவரணும், அத அடிக்க சண்டே ஸ்கூல் பிள்ளைக போட்டி போடும். காத்தழுத்தம் மூணு இஞ்சு தண்ணி கிட்ட இருக்கும், அத அளக்க கொத்தனாரோட டியூப் லெவல்ல தண்ணி ஊத்தி ஒரு முனைய காத்துப்பெட்டி ஓட்டையில மாட்டினாலே போதும், மிஷின் வாங்க வேண்டாம். குளவி குழலுக்குள்ள மண்கூடு கட்டும், வருஷத்துக்கு ரெண்டு தடவ டார்ச் அடிச்சு பாக்க ஒரு ஆள பேர் போட்டு நியமிக்கணும், சும்மா 'யாராவது பாத்துக்கிடுங்க'ன்னு விட்டா யாரும் பாக்கமாட்டாங்க.

ஜெர்மனியில நானூறு பட்டறை இதுக்குன்னே இருக்கு, 2017-ல யுனெஸ்கோவும் அந்தக் கைவேலைய பாரம்பரியப் பட்டியல்ல சேத்தது. நம்ம பக்கத்துல அப்படி பட்டறை இல்லாததால முதல் தடவ நிறுத்தும்போது தெரிஞ்ச ஆள் ஒருத்தர கூப்பிட்டு ரெண்டு மூணு வாரம் தங்க வைக்கணும், அந்தச் செலவ கப்பல் கூலிக்கு பக்கத்துலயே எழுதி வைங்க, பிறகு தேடிக்கலாம்னு விடாதீங்க. கூட நம்ம ஆசாரிமார் ரெண்டு பேரு முழு நேரமும் நிக்கணும், அவிய கையிலதான் அடுத்த முப்பது வருஷம் அது இருக்கப்போகுது.

அக்காகிட்ட கேக்க வேண்டிய போட்டோ: குழல் தலை, குழல் கால், காத்துப்பெட்டிய திறந்து பேலட் தோலு, பெல்லோஸ் மடிப்பு, ஸ்டாப்புகளோட பேரு, முன்னாலயும் பக்கத்துலயும் டேப்பு வச்சு எடுத்த அளவு. அடுத்த கமிட்டிக்கு முன்னால இது வந்தா பேசலாம். வரலேன்னா, சும்மா கிடைக்குதுங்கற ஒரே காரணத்துக்காக கன்டெய்னர் புக் பண்ண நான் கை தூக்கமாட்டேன்.